அரநாயக்கவில் ஒரு ஒளி விழா

மிலானில் இருக்கிறது, லண்டனில் இருக்கிறது, லியோனில் இருக்கிறது, சிட்னியில் இருக்கிறது. கொழும்பிலும் வெசாக், நத்தார் என்று வருஷத்துக்கு இரண்டு தடவையாவது இருக்கிறது. அரநாயக்கவில்தான் இல்லை. ஒரு நகரம் முழுவதும் விளக்குத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் செய்தவரின் பெயரையும் அவர் மனதில் உதித்த தத்துவத்தையும் எழுதிய அட்டை வைத்து, ஜனங்கள் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்களே, அந்த விழாவை அடுத்தமுறை எங்கள் தோட்டத்துப் பக்கம் நடத்தும்படி சம்பந்தப்பட்ட எல்லாரையும் கேட்டுக்கொள்கிறேன். விளக்குக் கலைக்கு முதல் வேண்டியது இருட்டு. அது எங்களிடம் தாராளமாகக் கிடைக்கும். தேயிலையும் இறப்பரும் விலை போகாத காலத்திலும் எங்கள் இருட்டின் தரம் குறைந்ததில்லை. சுத்தமான ஏற்றுமதித் தரம்.

வழி சொல்லிவிடுகிறேன். கொழும்பு–கண்டி வீதியில் மாவனல்லை, அங்கிருந்து உள்ளே திரும்பினால் அரநாயக்க. உஸ்ஸாபிட்டிய, திப்பிட்டிய என்று கடைத்தெருக்கள் வரும். பேக்கரி, பாமசி, போன் கடை, தெருவிளக்கு எல்லாம் இருக்கிறது. பத்தலேகலவையும் பார்த்துக்கொள்ளலாம், வெள்ளைக்காரன் பைபிள் ராக் என்று பெயர் சூட்டிவிட்டுப் போன பாறை. பிரதான வீதியை விட்டுத் தோட்டத்துப் பாதையில் ஏறுகிற இடத்தில் கடைசித் தெருவிளக்கு நிற்கும். அதற்கு மேலே விழா மைதானம்.

அந்தக் கம்பம் ஏன் சரியாக அங்கேயே நின்றுவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மேட்டைப் பார்த்துக் கம்பத்துக்கு மூச்சு வாங்கவில்லை. அதை நிறுத்தியது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம். தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்க முடியாதபடி அந்தச் சட்டம் குறுக்கே படுத்துக்கிடந்தது. வாக்காளர் இடாப்பில் எங்கள் பெயர் இருக்கும். வோட்டுக் கேட்டு வருகிற வான் அதே பாதையில்தான் ஏறும். அந்தப் பாதையில் ஒரு பல்பு போடுங்கள் என்றால் மட்டும், “அது தோட்டம், கம்பெனிக் காணி.” 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள், முப்பத்தொரு வருஷம் கழித்து. மேடை போட்டு, மாலை போட்டு, நன்றி சொல்லவைத்தார்கள். பிறகு நாங்கள் கம்பத்தைப் பார்த்தோம். கம்பம் எங்களைப் பார்த்தது. இப்போது சட்டம் தடுக்கவில்லை, நிதிதான் இல்லையாம். திருத்தச் சட்டத்தை அச்சடித்த தாள்களை எங்களிடம் தந்திருந்தால் கொளுத்தியாவது ஒரு ராத்திரி நடந்திருப்போம்.

விளக்கு வடிவமைக்கிறவர்களை நான் குறைவாக நினைக்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். மகா கெட்டிக்காரர்கள். 1962இல் இத்தாலியின் காஸ்டிலியோனி சகோதரர்கள் ஆர்கோ என்று ஒரு விளக்குச் செய்தார்கள். வில்லாய் வளைந்த எஃகுத் தண்டு, அடியில் அறுபது கிலோவுக்கு மேல் கனக்கும் பளிங்குக் கல். கல்லில் ஒரு துளை இருக்கும். விளக்குமாற்றுக் கம்பை அதில் செருகி இரண்டு பேர் தூக்கி நகர்த்தலாம். எனக்கு அந்தத் துளையை ரொம்பப் பிடிக்கும். தூக்குகிறவனை நினைத்துச் செய்த விளக்குகள் உலகத்தில் அதிகமில்லை. சிற்பி இசாமு நொகுச்சி 1951இல் ஜப்பானின் கிஃபு ஊரில் காகித லாந்தர்களைப் பார்த்துவிட்டு அகாரி விளக்குகளைத் தொடங்கினார். லண்டனின் டொம் டிக்சன் இந்தியப் பித்தளைத் தண்ணீர்ப் பாத்திரத்தின் வடிவத்தை எடுத்து, முரதாபாத் கன்னார்களைக் கொண்டு கையால் தட்டவைத்து, கவிழ்த்து, உள்ளே பல்பு போட்டு உலகத்து ஹோட்டல்களுக்கெல்லாம் தொங்கவிட்டார். எளியவர் வீட்டுப் பாத்திரம் தலைகீழானால் வசதியுள்ளவர் வீட்டு விளக்கு.

நம் ஊரிலும் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். துரை பங்களாவை ஹோட்டலாக்கி, சாப்பாட்டு மேசைக்கு மேலே கொழுந்துக் கூடையைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். பின்னல் இடுக்குகளால் மஞ்சள் வெளிச்சம் கசிந்து வெள்ளைக்காரர்களின் சூப்பில் விழுகிறது. அழகுதான், இல்லை என்று சொல்லமாட்டேன். கூடைக்குள் வெளிச்சம் போட்டவர்களுக்கு அதைச் சுமந்தவளின் காம்பராவுக்குள்ளும் போடலாம் என்று தோன்றாமல் போனதற்குக் காரணம் அந்தக் காம்பரா இன்னும் தலைகீழாகத் தொங்காததாய் இருக்கவேண்டும். மண்சரிவு ஒன்று வந்தால் அதுவும் சரியாகிவிடும்.

விழாவுக்கு எங்கள் பங்களிப்பாகச் சில படைப்புகள் தயாராக இருக்கின்றன. முதலாவதைப் பார்க்க விடியுமுன் வரவேண்டும்.

இறப்பர் மலை. பால் வெட்டப் போகிறவள் நெற்றியில் டோர்ச் கட்டியிருக்கிறாள். அதன் நாடா தளர்ந்துபோய்விட்டது. இறப்பர் தோட்டத்தில் இறப்பர் நாடாவுக்குப் பஞ்சம், பழைய சேலைக் கிழிசலால் முடிந்திருக்கிறது. வெளிச்சம் ஒரு சாண் அகலம். அந்தச் சாணுக்குள் மரப்பட்டை, சாய்வாய் இறங்கும் நேற்றைய வெட்டு, அதன் மேல் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பால். ஒட்டுப்பாலை இழுத்து எடுத்துவிட்டு, கத்தியை வைத்து ஒரே ஓட்டமாகக் காசுத் தடிப்பில் சீவ வேண்டும். ஆழமாய்ப் போனால் மரம் புண்ணாகும், கங்காணியின் வாயும் திறக்கும். மேலோடு போனால் பால் ஓடாது, அன்றைய பேர் அரைப் பேராகும், கூலியும் பாதியாகும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் இவ்வளவும் இருட்டில் நடக்கிறது. தலையைக் குனிந்தால் பாம்பு தெரியும், மரம் தெரியாது. நிமிர்ந்தால் மரம் தெரியும், பாம்பு தெரியாது. ஒவ்வொரு மரத்தடியிலும் எதைப் பார்ப்பது என்று அவள் முடிவெடுக்கிறாள். டோர்ச் அவள் காசு. அதற்குச் சார்ஜ் ஏற்றுகிற கரண்டும் அவள் காசு. பக்கத்தில் அட்டை வைப்பதானால் “தனியார் சேகரிப்பிலிருந்து” என்று எழுதலாம்.

இரண்டாவது படைப்பு லயத்துக்குள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. கூரைக்கு எட்டாத தடுப்புச் சுவரின் தலையில் ஒரு பல்பைக் கட்டியிருப்பார்கள். இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் படிக்கிற பிள்ளை, இரண்டுக்கும் அதே வெளிச்சம். பக்கத்துக் காம்பராவில் கரண்ட் வெட்டிவிட்டால் சுவர்த் துளை வழியாக ஒரு வயர் போகும். “அக்கா, மகளுக்கு நாளைக்கு சோதனை.” “இந்தா, இழுத்துக்கோ.” அதற்கு மேல் பேச்சில்லை. அந்த வயரை எலி கடிக்கும், மழை நனைக்கும், என்றைக்கோ ஒரு ராத்திரி கூரை பற்றும். அந்த ஒரு ராத்திரி மட்டும் எங்கள் லயம் அடுத்த மலைவரை தெரியும். மறுநாள் பத்திரிகையில் “மின்னொழுக்கே தீ விபத்துக்குக் காரணமென நம்பப்படுகிறது, பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர்” என்று வரும். எந்தத் தோட்டம் எரிந்தாலும் இதே வாக்கியம்தான். தோட்டத்தின் பெயரை மட்டும் மாற்றுவார்கள்.

கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் கோபம் இன்னும் ஒரு படி ஏறும். லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் ஓடத் தொடங்கியது. அறுபதுகளில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வந்தன. பழைய மஸ்கெலியா நகரமே மவுசாக்கலைத் தண்ணீருக்குள் போனது, தேயிலை மலைகளும் போயின. எங்கள் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலப் பக்கம் ப்ரோட்லண்ட்ஸ் இருக்கிறது. அரநாயக்கவின் அசுப்பினி எல்லவிலும் ஒரு சின்ன நீர்மின் நிலையம் உண்டு. குன்றின் மேலிட்ட விளக்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். குன்று எங்களுடையது. விளக்கைக் கொழும்பில் இட்டார்கள். மலையிலிருந்து கம்பி வழியே கண்ணிமைக்குமுன் தலைநகருக்கு இறங்கிய கரண்ட், லயத்துக்குத் திரும்பி ஏறி வருவதற்குப் பல இடங்களில் எண்பதுகளும் தொண்ணூறுகளும் ஆகிவிட்டன. கரண்டுக்கும் பஸ் கிடைக்கவில்லை போல.

கொழும்பு ஒருமுறை எங்கள் இருட்டை ருசி பார்த்தது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு. அப்போது மின்சக்தி அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி, எங்கள் சபரகமுவவின் இரத்தினபுரிக்காரர், கொரோனாவை விரட்ட ஆற்றில் மண்குடம் போட்ட அதே அம்மையார். மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தெருவிளக்குகளை அணைக்கும்படி அதிகாரிகளிடம் சொன்னதாக அறிவித்தார். அந்த உத்தரவை எங்கள் தோட்டங்கள் வெள்ளைக்காரன் காலத்திலேயே நிறைவேற்றி வைத்திருந்தன. ஒரு பாராட்டுக் கடிதம்கூட வரவில்லை.

ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிக்கடனைக் கட்டமுடியாது என்று நாடு கைவிரித்தது. ஓகஸ்ட் 10ஆம் திகதி மின்கட்டணம் ஏறியது. சராசரியாக 75 சதவீதம் என்றார்கள். சராசரிக்குப் பின்னால் யானையையும் மறைக்கலாம். மாதம் முப்பது யூனிட்டுக்குள் எரிக்கிறவர்களுக்கு ஏறியது 264 சதவீதம். முப்பது யூனிட்டுக்குள் எரிக்கிறவன் யார்? பல்பு இரண்டு, டிவி ஒன்று, போனுக்குச் சார்ஜ். லயத்துக்காரன்தான். ஏழையின் தலையில் கட்டணத்தை ஏற்றி ஐந்து கிழமைதான் போயிருக்கும், செப்டம்பர் 15ஆம் திகதி கொழும்பில் தாமரைக் கோபுரத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். 350 மீற்றர் உயரம், சீன எக்ஸிம் வங்கிக் கடன், பத்துக் கோடி டொலருக்கு மேல் செலவு. 2019 செப்டம்பரிலேயே ரிப்பன் வெட்டி ஒரு விழா முடிந்திருந்தது. மூன்று வருஷம் கழித்து ஜனங்களிடம் டிக்கெட் வாங்கி இன்னொன்று. தண்டு நெடுக வண்ண விளக்கு, உச்சியில் தாமரை மொட்டு ஊதாவாகி, இளஞ்சிவப்பாகி, பச்சையாகிப் பேரை ஏரியில் முகம் பார்த்தது. அடுப்பில் பூனை படுத்திருக்கிற வீட்டு வாசலில் தோரணம் கட்டியதுபோல் இருந்தது அந்த வருஷத்து நாடு. 2023 பெப்ரவரியில் கட்டணம் மறுபடி 66 சதவீதம் ஏறியது. அந்த ஆண்டில் பில் கட்டமுடியாமல் பத்து இலட்சம் அளவில் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாக நாடாளுமன்றக் குழுவின் முன்னாலேயே பேசப்பட்டது. பத்து இலட்சம் மீட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைவதைவிடப் பெரிய ஒளிக்காட்சியை எந்த மிலான் வடிவமைப்பாளர் செய்துகாட்டியிருக்கிறார்? ஆனால் அதற்கு அட்டை வைக்க ஒருவரும் வரவில்லை. சிவப்பு நோட்டீஸ்தான் வந்தது.

நடுவில் ஒரு நேர்மையான கலைஞனைச் சொல்லாமல் விடக்கூடாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடு முழுக்கக் கரண்ட் போனது. நான் சொல்லவில்லை, மின்சக்தி அமைச்சரே சொன்னார். கொழும்பு ஏழுக்கும் அரநாயக்க லயத்துக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் கரண்டை நிறுத்திய பெருமை அந்தக் குரங்குக்கே சேரும். சுதந்திரத்துக்குப் பின் வந்த எந்த அரசாங்கத்துக்கும் வாய்க்காத சமத்துவம்.

வெசாக்கைத் திட்டுகிறேன் என்று யாரும் கிளம்பவேண்டாம். வெசாக் கூடு எனக்குப் பிடித்த விளக்கு. மூங்கிலைச் சீவி எட்டுப்பட்டைச் சட்டம் கட்டி, கோதுமை மாப் பசையால் மெல்லிய கலர்த் தாள் ஒட்டி, வாலுக்குத் தாள் நறுக்கித் தொங்கவிடுவார்கள். பசை காய்வதற்குள் தாளைச் சுருக்கமில்லாமல் இழுக்கத் தெரிந்தவன்தான் கெட்டிக்காரன். பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பொடியன்களோடு சேர்ந்து எங்கள் பிள்ளைகளும் கட்டுவார்கள், எங்கள் லயத்து இஸ்தோப்பிலும் தொங்கும். அந்த விளக்கைச் செய்தவன் பெயர் எந்த அட்டையிலும் இல்லை. கார்த்திகை விளக்கும் அப்படித்தான், கையளவு மண் அகல், எண்ணெய், திரி. வடக்கில் அதை வாசலில் வைத்ததற்கே, யாருக்காக ஏற்றினாய் என்று சீருடைக்காரன் வந்து கேட்ட காலமும் இருந்தது. கோடிக்கணக்கில் விளக்கேற்றுகிற கோபுரத்திடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

2016இல் வெசாக் மே 21ஆம் திகதி. கூடு கட்ட மூங்கில் சீவிக்கொண்டிருந்த நாட்களில், மே 17ஆம் திகதி பின்னேரம், அரநாயக்க சாமசர மலை சரிந்து சிரிபுர, எலங்கப்பிட்டிய, பல்லேபாகே கிராமங்கள் மேல் விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். பலருடைய உடல் இன்றைக்கும் அந்த மண்ணுக்குள்தான். அதே நாள், அதே மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டிய களுபானத் தோட்டத்து லயங்களையும் மண் மூடியது. அப்பன் பேரும் பிள்ளை பேரும் ஒரே பட்டியலில் வந்தன.

அதற்கு முன்னும் பின்னும் எங்களுக்கென்றே அரசாங்கம் வைத்திருக்கிற நிறங்கள் மூன்று. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைப் படத்தில் பூசுகிற நிறங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், கவனமாயிரு. 100 தாண்டினால் செம்மஞ்சள், தயாராயிரு. 150 தாண்டினால் சிவப்பு, வெளியேறு. அந்த நிறுவனத்தைக் குறை சொல்லமாட்டேன், அந்தச் சிவப்பு உயிர் காக்கிற சிவப்பு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாட்டில் அறுநூறு பேருக்கு மேல் வாரிக்கொண்டு போனபோது கேகாலை மாவட்டமும் சிவப்பில்தான் கிடந்தது. என் கேள்வி வேறு. ராத்திரி அடைமழையில் வெளியேறு என்கிறீர்களே, எந்த வழியால்? கரண்ட் மழைக்கு முதலே போயிருக்கும். கிழவியை முதுகில் சுமக்கிறவனுக்குக் கையில் டோர்ச் பிடிக்க முடியாது. போன் வெளிச்சத்தைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு ஒருத்தி முன்னால் நடப்பாள், நனைந்தால் போனும் போகும். பாதை எது, நேற்று மழை அறுத்த பள்ளம் எது என்று அவள் காலால் தடவித்தான் பார்க்கவேண்டும். அந்தப் பாதையில் கம்பத்துக்கு ஒன்றாய் சூரிய ஒளி விளக்குப் போட வயர்கூடத் தேவையில்லை. தாமரை மொட்டு ஊதாவிலிருந்து இளஞ்சிவப்புக்கு மாற ஆகிற செலவில் எத்தனை பாதைக்குப் போடலாம் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த எஞ்சினியர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். கணக்குக் கேட்கத்தான் ஆளில்லை. செத்த பிறகு ஆள் வருகிறது. ஜெனரேட்டர் வைத்து, பகலைப்போல வெளிச்சம் போட்டு, கெமராவோடு வருகிறது. உயிரோடு நடந்த பாதையில் ஒரு பல்பு எரியாத மலையில், பிணம் தேடுகிற இடத்தில்தான் வெளிச்சம் வரவேண்டுமென்றால் அந்த வெளிச்சத்தின் வாயில் மண்ணைப் போட!

சரி, விழாவுக்கு வருவோம். எங்கள் பாதையில் விளக்குத் தொங்கவிட அனுமதி வாங்கவேண்டும், அந்த முறையையும் சொல்லிவிடுகிறேன். பிரதேச சபைக்குப் போனால், “பாதை தோட்டத்தோடது, தொரைகிட்ட கடிதம் வாங்கிட்டு வாங்க” என்பார்கள். துரையிடம் போனால், “நான் என்ன செய்ய, ஹெட் ஆபீசுக்கு எழுதுங்க.” ஹெட் ஆபீஸ், “காணி அரசாங்கத்துடையது, எங்களுக்குக் குத்தகைதான்.” மின்சார சபையில், “கம்பம் போடலாம், எஸ்டிமேட் யார் பேரில் எழுத?” யார் பேரில் என்று கேட்டுக்கொண்டு மறுபடி பிரதேச சபை. அங்கே அந்த ஐயா லீவில் இருப்பார். எங்கள் பெருசுகளுக்கு இந்தச் சுற்று மனப்பாடம். எந்த மேசையில் எந்தக் கிளார்க் எப்போது டீ குடிக்கப் போவார் என்பதுவரை தெரியும்.

உங்களுக்கு இவ்வளவு அலைச்சல் இருக்காது. தூதரக அனுசரணை, ஹோட்டல்காரர்களின் ஆதரவு, ரிப்பன் வெட்ட ஒரு அமைச்சர் என்று வருகிற விஷயம், ஒரு கிழமையில் கையெழுத்தாகிவிடும். கடிதம் கிடைத்ததும் ஒரு போட்டோக் கொப்பி எங்களுக்கும் தாருங்கள். “ஒளி நிர்மாணக் கண்காட்சி” என்று எழுதியிருக்கிற இடத்தில் டிப்பெக்ஸ் பூசி, அதன் மேல் “பல்பு” என்று எழுதி, அடுத்த பொதுமக்கள் தினத்தன்று கொண்டுபோய்க் கொடுத்துப் பார்க்கிறோம்.